சிந்தசைசரும் உறுமும் கிட்டாரும்: எண்பதுகளின் ஹார்ட் ராக் ஏன் அப்படி ஒலிக்கிறது

எண்பதுகளில் வெளிவந்த ஹார்ட் ராக் பாடல்களில், கிட்டாருக்குச் சமமாகவோ அதைவிட ஒரு படி முன்னாலோ, மின்சுற்றுகளால் ஒலியை உண்டாக்கும் கீபோர்டுக் கருவியான சிந்தசைசர் ஒலிக்கும் பாடல்கள் ஏராளம். அவற்றைப் பற்றிய பேச்சு எங்கே எழுந்தாலும் இரண்டு தீர்ப்புகள் தவறாமல் காதில் விழும். ராக் இசையின் முரட்டுத்தனத்தை மழுங்கடித்து, வானொலிக்கு ஏற்றபடி இனிப்பாக்கவே சிந்தசைசர் கொண்டுவரப்பட்டது என்பது ஒன்று. பொத்தானை அழுத்தினால் தானே வாசிக்கும் கருவியை வைத்துக்கொண்டு இசைக்கலைஞர்கள் ஏமாற்றினார்கள் என்பது இன்னொன்று. நாற்பது ஆண்டுகள் கழிந்தும் அந்த இசையைத் தேடிக் கேட்பவர்களைப் பழைய நினைவில் மயங்குகிறவர்கள் என்று ஒதுக்கிவிடுவதும் வழக்கமாகிவிட்டது.

இந்தத் தீர்ப்புகளைச் சொல்பவர்கள் பெரும்பாலும் தலைமுடி அலங்காரத்தையும் உடையையும் இசை வீடியோக்களையும் பார்த்துவிட்டுப் பேசுகிறார்கள். ஒலியைப் பற்றிப் பேசுவதில்லை. உரத்து உறுமும் மின் கிட்டாரால் செய்ய முடியாத ஒரு காரியம் உண்டு. அதைச் சிந்தசைசர் எடுத்துச் செய்தது. அது என்ன காரியம் என்று தெரிந்துகொண்டால், ரசிகர்கள் எதற்காக இந்த இசையை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதும் விளங்கிவிடும். கருவி எதையும் வாசிக்கத் தெரியாதவரும் பின்தொடரும்படி அதை இங்கே படிப்படியாகச் சொல்ல முயல்கிறேன்.

எந்த இசையைப் பற்றிப் பேசுகிறோம்

ஹார்ட் ராக் என்பது உரத்த மின் கிட்டாரையும் அழுத்தமான டிரம்ஸையும் அடித்தளமாகக் கொண்ட இசை. எழுபதுகளில் லெட் செப்பெலின், டீப் பர்ப்பிள் போன்ற பிரிட்டிஷ் குழுக்கள் அதை நிலைநிறுத்தின. அப்போதும் கீபோர்டு அதற்கு அந்நியமாக இருக்கவில்லை. டீப் பர்ப்பிளின் ஜான் லார்டு, ஹாமண்ட் என்ற தம் மின் ஆர்கனைக் கிட்டாருக்கு உரிய மார்ஷல் ஆம்ப்ளிஃபயரோடு இணைத்து, கிட்டாரோடு மோதும் அளவுக்கு அதைக் கரகரக்க வைத்தார். 1971இல் வெளிவந்த தி ஹூ குழுவின் ஆல்பத்தில் ஓர் ஆர்கனின் ஒலி சிந்தசைசர் வழியாகச் செலுத்தப்பட்டு, பாடலின் முதுகெலும்பாகவே ஆக்கப்பட்டது.

எண்பதுகளில் இந்தப் போக்கு முழுதாக விரிந்தது. அமெரிக்காவின் ஜர்னி, வான் ஹாலென், பான் ஜோவி, பிரிட்டனின் ஏஷியா, கனடாவின் ரஷ், சுவீடனின் யூரோப் ஆகிய குழுக்கள் ஒன்றுக்கொன்று வெகுவாக வேறுபட்டவை. ஆனால் கனத்த கிட்டாரையும் சிந்தசைசரையும் ஒரே பாடலில் எதிரெதிரே நிறுத்தியதில் ஒன்றுபட்டவை. இதை டெபெஷ் மோட், ஹ்யூமன் லீக் போன்றோரின் சிந்த்-பாப் இசையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்வது அடிக்கடி நடக்கிறது. சிந்த்-பாப்பில் கிட்டார் இல்லாமலே பாடல் நிற்கும். நாம் பேசும் இசையில் இரண்டில் எதை எடுத்துவிட்டாலும் பாடல் சரிந்துவிடும்.

ரசிகர்கள் அடிக்கடி பயன்படுத்தும் ஏஓஆர் என்ற பெயரையும் இங்கேயே சொல்லிவிடலாம். தனிப்பாடல்களைவிட ஆல்பங்களுக்கு முன்னுரிமை தந்த அமெரிக்க எஃப்எம் வானொலி நிலையங்களின் ஒலிபரப்பு முறைக்கு முதலில் வழங்கிய பெயர் அது. பிற்பாடு ஐரோப்பிய ரசிகர்கள், இனிய மெட்டும் நிறைந்த கீபோர்டும் கொண்ட ஹார்ட் ராக்கின் பெயராகவே அதை ஆக்கிக்கொண்டார்கள். மெலோடிக் ராக் என்பதும் ஏறத்தாழ அதே பொருளில் வழங்குகிறது.

சிந்தசைசர் ஒலியை எப்படி உண்டாக்குகிறது

வாயை மூடிக்கொண்டு 'ம்ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகிப் பாருங்கள். சுருதியை மாற்றாமல் மெல்ல வாயைத் திறந்து 'ஆ' என்ற ஒலிக்கு வாருங்கள். தொண்டையில் அதிரும் ஒலி அப்படியே இருக்கிறது. வெளியே கேட்பது மட்டும் மங்கலிலிருந்து பளிச்சென்ற நிலைக்கு வந்துவிட்டது. வாயின் வடிவம், தொண்டையிலிருந்து வரும் ஒலியின் எந்தப் பகுதியை வெளியே விடுவது, எந்தப் பகுதியைத் தடுப்பது என்று தீர்மானிக்கிறது. சிந்தசைசருக்குள் நடப்பதும் இதுதான்.

தொண்டையின் இடத்தில் அங்கே இருப்பது ஆசிலேட்டர், அதாவது குறிப்பிட்ட வேகத்தில் விடாமல் அதிரும் மின்சுற்று. ரம்பப் பல் போன்ற வடிவம் கொண்ட அலையை அது பொதுவாக உருவாக்கும். அந்த அலையில் அடிப்படைச் சுருதியோடு அதன் இரு மடங்கு, மும்மடங்கு, நான்கு மடங்கு என மேலே மேலே போகும் நுண்ணொலிகளும் கலந்திருக்கும். இவற்றுக்கு ஹார்மோனிக்ஸ் என்று பெயர். வாயின் இடத்தில் இருப்பது ஃபில்டர். மேலே உள்ள ஹார்மோனிக்ஸை அது மறைத்தால் ஒலி மங்கும். திறந்துவிட்டால் ஒலி ஜொலிக்கும். ஒரு கட்டையை அழுத்திய கணத்திலிருந்து ஒலி எவ்வளவு விரைவாக எழ வேண்டும், எங்கே நிலைக்க வேண்டும், கையை எடுத்ததும் எப்படி அடங்க வேண்டும் என்று வகுக்கும் பகுதிக்கு என்வெலப் என்று பெயர். ஃபில்டர் எப்போது திறந்து எப்போது மூட வேண்டும் என்பதையும் ஓர் என்வெலப்பே நடத்தி வைக்கலாம்.

நம் பாடல்களில் திரும்பத் திரும்பக் கேட்கும் அந்த எக்காள ஒலிக்குக் காரணம் இந்தக் கடைசி ஏற்பாடுதான். உண்மையான டிரம்பெட்டை ஊதும்போது, முதல் கணத்தில் ஒலி சற்று மங்கலாக இருந்து, காற்றின் அழுத்தம் கூடக் கூடப் பிரகாசமாகிறது. சிந்தசைசரில் ஃபில்டரைச் சட்டென்று, ஆனால் கண நேரம் எடுத்துக்கொண்டு திறக்கச் செய்தால் அதே சாயல் கிடைத்துவிடும். அதோடு, ஒரே கட்டைக்கு இரண்டு ஆசிலேட்டர்களை ஒதுக்கி, ஒன்றன் சுருதியை மற்றதிலிருந்து மயிரிழை அளவு விலக்கி வைப்பார்கள். இரண்டும் உரசுவதால் ஒலி மெதுவாக அலைபாயும்; தனியொரு கருவி வாசிப்பது போலன்றி ஒரு கூட்டமே வாசிப்பது போலத் தோன்றும். டிரம்பெட்டை அச்சு அசலாகப் போலச் செய்வதில் எந்தச் சிந்தசைசரும் அன்று வெற்றிபெறவில்லை. ஆனால் அந்தத் தோல்வியிலிருந்து கிடைத்த ஒலி, டிரம்பெட்டைவிட ஹார்ட் ராக்குக்குப் பொருந்தியது.

சுருக்கமாக: ஆசிலேட்டர் ஒலியைப் பிறப்பிக்கிறது, ஃபில்டர் அதன் பிரகாசத்தைக் கூட்டிக் குறைக்கிறது, என்வெலப் அதன் எழுச்சியையும் அடக்கத்தையும் தீர்மானிக்கிறது. கட்டைகளை அழுத்துவது மனித விரல்களே.

ஒரு விரலிலிருந்து பத்து விரலுக்கு

இத்தனையும் எழுபதுகளிலேயே இருந்தன என்றால், இந்த இசை எண்பதுகளில்தான் பெருகியது ஏன்? ராபர்ட் மோக்கின் நிறுவனம் வடிவமைத்து 1970இல் விற்பனைக்கு வந்த மினிமோக், ஒரு நேரத்தில் ஒரே ஒரு ஸ்வரத்தை மட்டுமே ஒலிக்கும். இரண்டு கட்டைகளைச் சேர்த்து அழுத்தினாலும் ஒன்றுதான் கேட்கும். தனி மெட்டு வாசிக்க அது போதும். பல ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் கார்டுகளுக்கு அது உதவாது.

1978இல் டேவ் ஸ்மித்தின் சீக்வென்ஷியல் சர்க்யூட்ஸ் நிறுவனம் வெளியிட்ட ப்ராஃபெட்-5, ஐந்து ஸ்வரங்களை ஒரே நேரத்தில் ஒலித்தது. இத்தகைய திறனுக்குப் பாலிஃபோனி என்று பெயர். அதைவிட முக்கியமான இன்னொரு வசதியும் அதில் இருந்தது. குமிழ்களைத் திருகிக் கண்டுபிடித்த ஓர் ஒலி அமைப்பை நினைவகத்தில் சேமித்து, வேண்டும்போது ஒரு பொத்தானில் மீட்டுக்கொள்ளலாம். மேடையில் இரண்டு பாடல்களுக்கு நடுவே டஜன் கணக்கான குமிழ்களை இருட்டில் திருகிக்கொண்டிருந்த கீபோர்டு கலைஞருக்கு இது எவ்வளவு பெரிய விடுதலை என்று சொல்ல வேண்டியதில்லை. பொத்தானை அழுத்தி வாசிக்கிறார்கள் என்ற கேலியும் இங்கிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும். அந்தப் பொத்தான் ஒலியின் நிறத்தை மட்டுமே மாற்றியது, ஒரு ஸ்வரத்தைக்கூடத் தானாக வாசிக்கவில்லை.

தொடர்ந்து ஓபர்ஹைமின் ஓபி-எக்ஸ், ஓபி-எக்ஸ்ஏ, ரோலண்டின் ஜூபிடர்-8 ஆகியவை வந்தன. இவற்றின் விலை சாதாரணக் கலைஞருக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. 1983இல் வந்த யமஹா டிஎக்ஸ்7 அந்த நிலையை மாற்றியது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜான் சௌனிங் கண்டறிந்த வேறொரு முறையில், ஓர் அலையைக் கொண்டு இன்னோர் அலையை அசைத்து, மணியோசை போன்ற கூர்மையான ஒலிகளை அது தந்தது. பதினாறு ஸ்வரங்களைச் சேர்த்து ஒலிக்கும் அந்தக் கருவி 2,000 டாலருக்குள் கிடைத்தது.

அதே ஆண்டில் மிடி என்ற பொது ஏற்பாடு நடைமுறைக்கு வந்தது. எந்தக் கட்டை, எப்போது, எவ்வளவு அழுத்தமாகத் தட்டப்பட்டது என்ற செய்தியை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்கு அனுப்பும் பொது மொழி அது. ஒலியை அது அனுப்புவதில்லை. 1983 ஜனவரியில் கலிஃபோர்னியாவில் நடந்த இசைக்கருவிக் கண்காட்சியில், போட்டி நிறுவனங்கள் இரண்டின் சிந்தசைசர்களை ஒரு கம்பியால் இணைத்து, ஒன்றில் தட்டினால் மற்றதும் ஒலிப்பதைக் காட்டினார்கள். ஒரே விரலால் நான்கைந்து கருவிகளை எழுப்பி அடுக்கடுக்கான ஒலியைக் கட்டலாம் என்பது அதன் உட்பொருள். தசாப்தத்தின் பிற்பகுதியில் கேட்கும் அந்தப் பிரம்மாண்டம் பெரிதும் இதனால் வந்தது.

உறுமும் கிட்டாரின் ஊமைப் பகுதி

இப்போது மையமான விஷயத்துக்கு வரலாம். ஹார்ட் ராக் கிட்டாரின் கரகரப்புக்கு டிஸ்டார்ஷன் என்று பெயர். ஆம்ப்ளிஃபயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் ஒலியைத் திணித்தால், அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். அப்படி வெட்டுப்பட்ட அலையில், மூல ஒலியில் இல்லாத புதிய ஹார்மோனிக்ஸ் பிறக்கும். ஒரே ஒரு கம்பியை மீட்டும்போது இது ஒலிக்குப் பலமும் நீளமும் தருகிறது. ஒன்றுக்கு மேற்பட்ட கம்பிகளைச் சேர்த்து மீட்டும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

இரண்டு ஸ்வரங்கள் சேர்ந்து வெட்டுப்படும்போது, அவற்றின் அதிர்வெண்களைக் கூட்டினாலும் கழித்தாலும் வரும் எண்களிலும் புதிய ஒலிகள் பிறக்கின்றன. ஒரு ஸ்வரம் நொடிக்கு 200 முறை அதிர்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை 'ச' என்றால், அதன் 'ப' ஏறக்குறைய 300. இரண்டின் வித்தியாசம் 100. அது 'ச'வுக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே உள்ள அதே ஸ்வரம். ஆகவே டிஸ்டார்ஷன் இங்கே எதையும் கெடுப்பதில்லை. யாரும் வாசிக்காத ஒரு கீழ் ஸ்வரத்தைத் தானே சேர்த்து, ஒலியை மலைபோல் ஆக்கிவிடுகிறது. 'ச'வும் 'ப'வும் மட்டும் சேர்ந்த இந்த வாசிப்புக்குப் பவர் கார்டு என்று பெயர். ஹார்ட் ராக் கிட்டாரின் பெரும்பகுதி இதன் மேல்தான் நிற்கிறது.

இதே இடத்தில் அந்தர காந்தாரத்தையும் சேர்த்து முழுமையான மேஜர் கார்டை வாசித்தால் என்ன ஆகும்? கிட்டாரில் அந்தக் காந்தாரம் சுமார் 252இல் விழும். 252க்கும் 200க்கும் வித்தியாசம் 52; 300க்கும் 252க்கும் வித்தியாசம் 48. அடித்தளத்தில் 52, 48 என்று ஒன்றையொன்று ஒட்டிய இரண்டு ஒலிகள் பிறந்து, நொடிக்கு நான்கு முறை மோதிக்கொண்டு உருளுகின்றன. மேலேயும் இப்படிப்பட்ட மோதல்கள் பல நிகழும். காதுக்கு அது கலங்கல் நீராகத்தான் கேட்கும். தேர்ந்த கிட்டார் கலைஞர்கள் டிஸ்டார்ஷனைக் குறைத்தும், கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிரித்து மீட்டியும் இதைச் சமாளிப்பார்கள். ஆனால் முழு உறுமலையும் வைத்துக்கொண்டு நிறைவான கார்டுகளை வாசிப்பது கடினம்.

காந்தாரம் இல்லாமல் போவது சிறிய இழப்பு அன்று. ஒரு கார்டு மேஜரா மைனரா, மலர்ச்சியா ஏக்கமா என்பதைச் சொல்வதே அந்த ஸ்வரம்தான். அந்தர காந்தாரம் வந்தால் மேஜர்; சாதாரண காந்தாரம் வந்தால் மைனர். அதை விட்டுவிட்ட பவர் கார்டு பலம் மிக்கது, ஆனால் உணர்வை வெளிப்படையாகச் சொல்லாமல் இறுக்கமாக வாயை மூடிக்கொண்டிருக்கிறது.

சிந்தசைசர் புகுந்த இடம் இதுதான். கிட்டாரின் ஆம்ப்ளிஃபயரைத் தொடாமல் தனி வழியில் பதிவாவதால், அதன் ஸ்வரங்கள் கிட்டாரின் ஸ்வரங்களோடு சேர்ந்து வெட்டுப்படுவதில்லை. கிட்டார் 'ச', 'ப' என்று கீழே உறுமிக்கொண்டிருக்க, மேலே சிந்தசைசர் காந்தாரத்தையும் வேறு அலங்கார ஸ்வரங்களையும் தெளிவாக நீட்டி நிறுத்தும். நீண்டு பரவி நிற்கும் இத்தகைய பின்னணிக் கார்டுகளைப் பேட் என்பார்கள். கிட்டார் கார்டு மீட்டிய கணத்திலிருந்து தேயத் தொடங்கும். பேட் கையை எடுக்கும்வரை தேயாது.

இந்தப் பகுதியின் சாரம் இது: டிஸ்டார்ஷன் கிட்டாருக்குப் பலத்தைக் கொடுத்துவிட்டு, கார்டின் உணர்வைச் சொல்லும் ஸ்வரத்தைப் பறித்துக்கொள்கிறது. சிந்தசைசர் அந்த ஸ்வரத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. ஆகவே அது இசையை மெல்லியதாக்கியது என்ற குற்றச்சாட்டு தலைகீழானது. மேலே ஒருவர் கார்டை முழுமையாகத் தாங்கியதால்தான் கீழே கிட்டார் இன்னும் முரட்டுத்தனமாக ஒலிக்க முடிந்தது.

இரண்டு பாடல்கள், கொஞ்சம் நெருக்கத்தில்

வான் ஹாலென் குழுவின் 'ஜம்ப்' 1983 இறுதியில் வெளிவந்து, 1984இல் அமெரிக்காவின் பில்போர்டு தனிப்பாடல் பட்டியலில் ஐந்து வாரம் முதலிடத்தில் இருந்தது. எடி வான் ஹாலென் அன்று உலகின் மிகப் புகழ்பெற்ற ராக் கிட்டார் கலைஞர்களில் ஒருவர். சிறுவயதில் பியானோ முறையாகக் கற்றவர் அவர் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். ஓபி-எக்ஸ்ஏவில் அவர் அமைத்த அந்த மெட்டைக் குழுவினர் முதலில் ஏற்கவில்லை. சில ஆண்டுகள் அது கிடப்பில் கிடந்தது.

ஹெட்ஃபோனில் அதன் தொடக்கத்தைக் கேளுங்கள். கீழே ஒரே ஸ்வரம் அசையாமல் நிற்கிறது. அதன் மேல் மும்மூன்று ஸ்வரங்கள் கொண்ட கார்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக இடம் மாறுகின்றன. ஒவ்வொன்றும் எக்காளம் போல வெடித்துத் திறக்கிறது. அசையாத அடித்தளத்துக்கும் நகரும் மேல்தளத்துக்கும் இடையிலான இழுபறிதான் அந்தப் பாடலின் உற்சாகம். இதையே முழு டிஸ்டார்ஷனில் கிட்டாரில் வாசித்தால், முந்தைய பகுதியில் பார்த்த கலங்கல் வந்துவிடும். பாடலில் கிட்டார் நெடுநேரம் ஒதுங்கி நிற்கிறது. பிறகு தனி வாசிப்பாகப் பாய்ந்து வருகிறது. அது முடிந்த கையோடு சிந்தசைசரின் தனி வாசிப்பு தொடங்குகிறது. இரண்டையும் வாசித்தவர் ஒருவரே. கிட்டாரின் இடத்தைக் கீபோர்டு பிடுங்கிக்கொண்டது என்று புலம்புபவர்களுக்கு இதைவிடச் சங்கடமான சான்று கிடையாது.

சுவீடனின் யூரோப் குழு 1986இல் வெளியிட்ட 'தி ஃபைனல் கவுண்ட்டவுன்' வேறு வகை. அதன் புகழ்பெற்ற கீபோர்டு மெட்டைப் பாடகர் ஜோயி டெம்பெஸ்ட், பாடல் பதிவாவதற்குச் சில ஆண்டுகள் முன்பே, இரவல் வாங்கிய கோர்க் பாலிசிக்ஸ் என்ற சிந்தசைசரில் அமைத்துவிட்டார். பதிவின்போது கீபோர்டு கலைஞர் மிக் மிகேலி, ரோலண்டின் ஜேஎக்ஸ்-8பி கருவியின் எக்காள ஒலியையும் யமஹாவின் டிஎக்ஸ்816 என்ற பெட்டியின் ஒலிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினார். டிஎக்ஸ்816 என்பது எட்டு டிஎக்ஸ்7களைக் கட்டைகள் இல்லாமல் ஒரே சட்டகத்தில் பொருத்தியது போன்றது. ஒரு மனிதர் வாசிக்கும் மெட்டு ஓர் ஊர்வல வாத்தியக் குழு போல ஒலிப்பதன் ரகசியம் அந்த அடுக்கு. கீழே கிட்டாரும், கீழ் ஸ்வரங்களை வாசிக்கும் பேஸ் கிட்டாரும், டிரம்ஸும் குதிரைப் பாய்ச்சல் தாளத்தில் ஓடுகின்றன. தாளம் ஓடுகிறது, மெட்டோ கம்பீரமாக நடக்கிறது. இந்த இரு வேகங்களின் கூட்டுதான் காதைப் பிடிக்கிறது.

இத்தனை வெற்றிக்குப் பிறகும் அக்குழுவின் கிட்டார் கலைஞர் ஜான் நோரம் அந்த ஆண்டிலேயே விலகிவிட்டார். கீபோர்டின் ஆதிக்கத்தில் கிட்டார் அமுங்கிவிட்டது என்பது அவருடைய முக்கியமான மனக்குறை. அந்தக் குறையில் நியாயம் இல்லாமலும் இல்லை.

ஏமாற்று வேலை என்ற குற்றச்சாட்டு

சிந்தசைசர் மீதான அவநம்பிக்கை ரசிகர்களிடம் மட்டும் இருக்கவில்லை. குயீன் குழு எழுபதுகளில் தன் ஆல்ப உறைகள் சிலவற்றில், சிந்தசைசர் எதுவும் வாசிக்கப்படவில்லை என்று பெருமையாகவே அச்சிட்டது; 1980இல் அதே குழு ஓபர்ஹைம் ஒன்றை வாங்கித் தன் ஆல்பத்தில் சேர்த்துக்கொண்டது.

குற்றச்சாட்டின் வேர், சிந்தசைசரையும் சீக்வென்சரையும் ஒன்றாக எண்ணுவதில் இருக்கிறது. சீக்வென்சர் என்பது முன்கூட்டியே பதிந்த ஸ்வர வரிசையைத் தானே திரும்பத் திரும்ப இயக்கும் சாதனம். ராக் குழுக்களில் சிலர் அதையும் பயன்படுத்தினார்கள். டெக்சஸின் ஸீஸீ டாப் குழு 1983இல் வெளியிட்ட 'எலிமினேட்டர்' ஆல்பத்தில், ப்ளூஸ் கிட்டாருக்குக் கீழே இயந்திரத் துல்லியத்தோடு துடிக்கும் சிந்தசைசர் பேஸைக் கேட்கலாம். அமெரிக்காவில் மட்டும் ஒரு கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற ஆல்பம் அது. ஆனால் இந்த இசையின் பெரும்பகுதி கையால் வாசிக்கப்பட்டதே.

கையால் மட்டுமா? ரஷ் குழுவின் கெடி லீ, பாடிக்கொண்டே பேஸ் கிட்டார் வாசிப்பார்; பேஸைத் தோளில் தொங்கவிட்டபடியே இரு கைகளாலும் சிந்தசைசருக்குத் தாவுவார்; அப்போது விட்டுப்போகும் கீழ் ஸ்வரங்களை மோக் டாரஸ் என்ற மிதிகட்டைக் கருவியில் காலால் ஒலிக்கச் செய்வார். மூன்றே பேர் கொண்ட குழு மேடையில் அத்தனை ஒலியையும் எழுப்பியது இப்படித்தான். 1982இல் வந்த 'சிக்னல்ஸ்' ஆல்பத்தில் சிந்தசைசர் முன்வரிசைக்கு வந்தபோது, கிட்டார் கலைஞர் அலெக்ஸ் லைஃப்சன் பின்தள்ளப்பட்டதாக ரசிகர்களில் ஒரு பகுதியினர் குறைபட்டார்கள். இன்றும் அந்த விவாதம் ஓயவில்லை. என் கணிப்பில், லைஃப்சன் அந்த நெருக்கடியால்தான் கனத்த கார்டுகளை விட்டு, சிதறித் தெறிக்கும் மெல்லிய கார்டுகளுக்கு நகர்ந்து, தனக்கென்று ஒரு புதிய பாணியைக் கண்டுபிடித்தார்.

ரசிகர் காதில் விழுவது என்ன

இந்த இசையின் தீவிர ரசிகரிடம் பேசினால், அவர் பெரும்பாலும் பாடலின் முதல் அரை நிமிடத்தைப் பற்றித்தான் பேசுவார். சிந்தசைசர் தனியே தொடங்கும். ஏதோ வரப்போகிறது என்று காது நிமிரும். பிறகு டிரம்ஸும் கிட்டாரும் ஒரே அடியில் வந்து விழும். ஜர்னி குழுவின் 1983ஆம் ஆண்டுப் பாடலான 'செபரேட் வேஸ்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மைனர் சாயலில் துடிக்கும் கீபோர்டு வடிவம் முதலில் கவலையை விதைக்கிறது. கிட்டார் வந்ததும் அந்தக் கவலை கோபமாக மாறுகிறது. 2022இல் ஒரு பிரபலமான தொலைக்காட்சித் தொடரின் முன்னோட்டத்தில் இதே பாடல் ஒலித்தபோது, அது வெளிவந்த காலத்தில் பிறந்திராத பிள்ளைகளும் அதைத் தேடிக் கேட்டார்கள். அவர்களுக்கு மயங்குவதற்குப் பழைய நினைவு ஏது?

அடுத்து அவர்கள் சொல்வது பல்லவியைப் பற்றியது. சிந்தசைசர் கார்டைத் தாங்கி நிற்பதால், குரல்கள் நான்கைந்து அடுக்காக விரிய இடம் கிடைக்கிறது. கடைசிப் பல்லவியில் சுருதியையே உயர்த்துவதும் உண்டு. பான் ஜோவியின் 1986ஆம் ஆண்டு 'லிவின் ஆன் எ ப்ரேயர்' பாடலில் இறுதிப் பல்லவி மூன்று அரைச்சுரங்கள் மேலே தாவுகிறது. பொதுவாக ஒன்றோ இரண்டோதான் ஏற்றுவார்கள். மூன்று என்பது பாடகரின் தொண்டையைப் பதம்பார்க்கும் உயரம். அந்தப் பாடலைக் கூட்டமாகச் சேர்ந்து பாடுகிறவர்கள் அந்த இடத்தில் திணறுவதும், திணறிக்கொண்டே கத்துவதும் இன்பத்தின் ஒரு பகுதியாகிவிட்டன.

இந்த வகையில் எல்லாமே தரமானவை என்று வாதிடுவதற்கில்லை. தசாப்தத்தின் பிற்பகுதியில் அலுப்பூட்டும் ஆல்பங்கள் குவிந்தன. டிஎக்ஸ்7இல் புதிய ஒலியை உருவாக்குவது மிகச் சிக்கலான வேலை என்பதால், பலர் தொழிற்சாலையிலிருந்து வந்த ஒலிகளை அப்படியே பயன்படுத்தினார்கள்; பத்து வெவ்வேறு குழுக்களின் மென்பாடல்களில் ஒரே மின் பியானோ கேட்டது. 1991இல் நிர்வாணா குழுவின் 'நெவர்மைண்ட்' வெளிவந்து, ஒப்பனையற்ற கிட்டார் இசைக்கு அமெரிக்க இளைஞர்கள் திரும்பியபோது, இந்த அலை வடிந்துவிட்டது. ஐரோப்பாவில் அது முற்றிலும் ஓயவில்லை. 1996இல் இத்தாலியின் நேபிள்ஸ் நகரில் தொடங்கப்பட்ட ஃப்ரண்டியர்ஸ் ரெக்கார்ட்ஸ் நிறுவனம் இவ்வகை இசையையே தன் முதன்மைத் தொழிலாகக் கொண்டது. சுவீடனில் கடும் மெட்டல் குழுக்களைச் சேர்ந்த கலைஞர்கள் கூடி 2007இல் அமைத்த தி நைட் ஃப்ளைட் ஆர்கெஸ்ட்ரா, எண்பதுகளின் ஒலியை இன்று புதிதாக எழுதப்படும் பாடல்களில் வாழவைக்கிறது.

சிந்தசைசர் என்று தவறாக எண்ணப்படுபவை

கேட்கத் தொடங்கும் புதியவர் சில இடங்களில் ஏமாறுவது இயல்பு. 'லிவின் ஆன் எ ப்ரேயர்' தொடக்கத்தில் 'வா-வா' என்று பேசுவது போல வரும் ஒலியைப் பலர் சிந்தசைசர் என்றே நினைக்கிறார்கள். அது பான் ஜோவியின் கிட்டார் கலைஞர் ரிச்சி சம்போராவின் கிட்டார். டாக் பாக்ஸ் என்ற சாதனம் கிட்டாரின் ஒலியை ஒரு குழாய் வழியாக வாசிப்பவரின் வாய்க்குள் அனுப்புகிறது. அவர் வாயைத் திறந்து மூட, ஒலி மாறுகிறது. அருகில் உள்ள மைக் அதைப் பிடிக்கிறது. அதாவது அங்கே ஃபில்டராக வேலை செய்வது மனித வாயேதான். இதற்கு நேர் எதிரான ஏமாற்றம் வான் ஹாலெனின் 1980ஆம் ஆண்டு ஆல்பத்தில் இருக்கிறது. அதன் முதல் பாடலின் கரகரப்பான தொடக்கம் கிட்டார் போலக் கேட்கும். உண்மையில் அது மார்ஷல் ஆம்ப்ளிஃபயர் வழியாக உறும வைக்கப்பட்ட வுர்லிட்சர் மின் பியானோ.

எல்லாவற்றிலும் சிக்கலானது கிட்டார் சிந்தசைசர். ஒவ்வொரு கம்பிக்கும் தனித்தனி உணரி பொருத்தி, எந்தக் கம்பி எந்தச் சுருதியில் அதிர்கிறது என்று கண்டறிந்து, அதற்கு ஏற்பச் சிந்தசைசரை ஒலிக்கச் செய்யும் ஏற்பாடு அது. கீழ் ஸ்வரங்கள் மெதுவாக அதிர்வதால் அவற்றின் சுருதியைக் கண்டறியச் சற்று அதிக நேரம் பிடிக்கும்; விரலுக்கும் ஒலிக்கும் இடையே மெல்லிய தாமதம் தோன்றும்; அதைப் பொறுத்து வாசிக்கப் பழக வேண்டும். 1986இல் ஜூடாஸ் ப்ரீஸ்ட் 'டர்போ' ஆல்பத்திலும், அயர்ன் மெய்டன் 'சம்வேர் இன் டைம்' ஆல்பத்திலும் இதைப் பயன்படுத்தின. அன்று கீபோர்டு கலைஞர் எவரும் இல்லாத, கிட்டாரின் கோட்டைகளாகக் கருதப்பட்ட குழுக்கள் அவை. 'டர்போ'வைக் கேட்டுக் கொதித்த பழைய ரசிகர்கள் பலர். மெய்டன் ரசிகர்கள் அவ்வளவு கோபப்படவில்லை. 1988இல் அடுத்த ஆல்பத்தில் அக்குழு வெளிப்படையாகவே கீபோர்டைச் சேர்த்துக்கொண்டது. மெய்டனின் இந்த இரண்டு ஆல்பங்களையும் அடுத்தடுத்துக் கேட்டால், கம்பியில் பிறந்த சிந்தசைசர் ஒலி மீட்டலின் கூர்மையோடு தொடங்குவதையும், கட்டையில் பிறந்தது ஓசையின்றி நுழைந்து பரவுவதையும் காது தானாகவே பிரித்துக்கொள்ளும்.